கைப்பிடி அரிசியும் கணக்குப் புத்தகமும்

வாசகர் கேள்வி - பதில்

மாசி பிறந்துவிட்டால் கேரளத்திலிருந்து மண்டைக்காடு பகவதி கோயிலுக்கு இருமுடி சுமந்து வரும் பெண்கள் களியக்காவிளையைத் தாண்டி எங்கள் தெரு வழியாகத்தான் நடக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் போன இதழில் நான் எழுதியது இரண்டே வரிதான். "இத்தனை பெண்கள் சுமந்து வரும் கோயிலில் பெண்ணின் சொல்லுக்கு எவ்வளவு இடம்?" என்று கேட்டிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டதால், இம்மாதம் மற்றக் கேள்விகளை ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களை விட்டு ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துவது, அசனத்துக்குக் காய்கறி நறுக்குவது, ஆலயத்தைக் கூட்டிக் கழுவுவது, கைப்பிடி அரிசி சேர்ப்பது எல்லாம் பெண்கள்தான். சபைக் கமிட்டிக்கு என் பெயரை ஒருவர் முன்மொழிந்தபோது, ஒரு பெரியவர் எழுந்து, "ஸ்திரீகள் சபையில் பேசக்கூடாது என்று பவுல் எழுதியிருக்கிறாரே" என்றார். எல்லாரும் அமைதியாகிவிட்டார்கள், நானும்தான். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?
(வாசகி, விளவங்கோடு வட்டம்)

பதில்: அம்மா, அந்த வசனம் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 14-ஆம் அதிகாரத்தில் உள்ளதுதான், பெரியவர் இல்லாததைச் சொல்லவில்லை. ஆனால் அதே நிருபத்தில் மூன்று அதிகாரம் முன்னால் போய், 11-ஆம் அதிகாரத்தைப் பார்த்திருந்தால் அவருக்கே ஒரு சங்கடம் வந்திருக்கும். ஜெபம் பண்ணும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் அங்கே எழுதுகிறார். வாயே திறக்கக்கூடாதவளுக்கு, வாய் திறக்கும்போது முக்காடு வேண்டும் என்று யாராவது விதி செய்வார்களா? இந்த இரண்டு இடங்களையும் எப்படிப் பொருத்துவது என்று வேத அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வருகிறார்கள். எங்கள் பக்கத்துச் சபைகளோ விவாதத்துக்கே போகாமல், 11-இலிருந்து முக்காட்டையும் 14-இலிருந்து மௌனத்தையும் எடுத்துக்கொண்டு, 11-இல் இருந்த பேச்சை மட்டும் அங்கேயே விட்டுவிட்டன.

இன்னோர் இடத்தையும் அவருக்குக் காட்டலாம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் பெபேயாள் என்ற பெண்ணைப் பற்றிய பரிந்துரையோடு தொடங்குகிறது. கெங்கிரேயா ஊர்ச் சபையின் 'ஊழியக்காரி' என்று தமிழ் வேதாகமம் அவரைக் குறிப்பிடுகிறது. மூல மொழியில் பவுல் அங்கே எழுதிய சொல்லைத்தான் தம்மைப் போன்ற ஆண் ஊழியர்களுக்கும் எழுதுகிறார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது அதே சொல் நம் மொழிபெயர்ப்பில் 'உதவிக்காரர்' என்று சபைப் பதவியின் பெயராகிவிடுகிறது. மொழிபெயர்த்தவர்களை நான் குறை சொல்லவில்லை. குறை நம் காதில் இருக்கிறது. 'ஊழியக்காரர் வந்திருக்கிறார்' என்றால் வெள்ளைச் சட்டையும் கையில் வேதாகமமுமாக ஒருவர் நம் மனத்தில் வந்து நாற்காலியில் அமர்கிறார். 'ஊழியக்காரி' என்றதும் கையில் துடைப்பத்தோடு ஒருத்தி வந்து நிற்கிறாள். ஒரே சொல்லின் இரு விகுதிகளுக்கு இடையே இவ்வளவு தூரத்தை உண்டாக்கியது பவுல் அல்லர்.

நீங்கள் எந்தச் சபை என்று எழுதவில்லை. தென்னிந்தியத் திருச்சபையாக இருந்தால் வாதம் இன்னும் எளிது. அத்திருச்சபை 1976-இலேயே ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்துவிட்டது. 2013 செப்டம்பர் 30 அன்று ஆந்திரத்தின் நந்தியால் பேராயத்தில் புஷ்பா லலிதா அதன் முதல் பெண் பேராயராகப் பொறுப்பேற்றார். பேராயரின் செங்கோலைப் பெண் பிடிக்கலாம், ஒரு கிராமச் சபையின் கமிட்டி நாற்காலியில் பெண் உட்காரக்கூடாது என்பது எந்த வேதத்தின்படி என்று அந்தப் பெரியவரிடம் பணிவாகவே கேளுங்கள்.

வேதத்தை ஒதுக்கிவிட்டு ஒரு தகரத்தைப் பற்றிச் சொல்கிறேன். என் பாட்டியின் அடுக்களையில் மூடி நெளிந்த பழைய பிஸ்கட் தகரம் ஒன்று இருந்தது. உலைக்கு அரிசி அளந்ததும், களைவதற்கு முன்பு, ஒரு பிடி அள்ளி அதில் போடுவார். வீட்டில் அரிசி குறைந்த நாட்களில் பிடி சிறுத்துப்போகும், ஆனால் தவறாது. ஞாயிற்றுக்கிழமை அந்த அரிசி துணிப்பையில் ஆலயத்துக்குப் போய், ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, முட்டை ஆகியவற்றோடு சேர்ந்து ஏலம் போகும். ஏலம் கூறுபவர் ஆண். எடுப்பவர்களும் பெரும்பாலும் ஆண்கள். தொகையை நோட்டில் குறிப்பவரும் ஆண். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அரிசி கொடுத்த என் பாட்டி, அந்த நோட்டின் அட்டை என்ன நிறம் என்றுகூட அறியாமல் இறந்துபோனார். ஒருமுறை, கூரை ஓடு மாற்றச் சேர்த்த பணம் என்னவாயிற்று என்று அவர் ஆலய வாசலில் கேட்டதற்கு, "உங்களுக்கு எதற்கம்மா அந்தக் கணக்கு?" என்று சிரித்துக்கொண்டே பதில் வந்ததாம். கோபமாகச் சொல்லியிருந்தால் மறந்திருப்பேன் என்பார் பாட்டி.

இதே சபைகள்தான் தோள்சீலைப் போராட்டத்தைத் தங்கள் பெருமையாக மேடைகளில் பேசுகின்றன, பேச வேண்டியதும்தான். 1814-இல் ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை அணியலாம் என்று ஆணையிட்டதிலிருந்து, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைத்துக்கொள்ள அனுமதித்து அறிவிக்கும் வரை, சந்தையிலும் வழியிலும் துணி கிழிக்கப்பட்டவர்கள் பெண்கள். அந்த அறிவிப்பில்கூட மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியக்கூடாது என்ற நிபந்தனை இருந்தது. அந்தப் பெண்களின் கொள்ளுப்பேத்தி கமிட்டியில் உட்காரக் கேட்டால் வசனம் தேடுகிறோம்.

அடுத்த கூட்டத்தில் பதவி கேட்பதற்கு முன்னால், கைப்பிடி அரிசி ஏலத்தின் மூன்றாண்டு வரவுசெலவை வாசிக்கச் சொல்லுங்கள். அதைக் கேட்கக்கூடாது என்று சொல்ல எந்த அதிகாரத்திலும் வசனம் கிடைக்காது.

கேள்வி: மண்டைக்காடு 'பெண்களின் சபரிமலை' என்று போற்றப்படுகிறது. கன்னியாகுமரியில் பகவதி, ஆற்றுக்காலில் பகவதி. தெய்வத்தையே பெண்ணாக வணங்கும் சமயத்தில் பெண்ணுக்கு ஏற்றத்தாழ்வு என்பது மேற்கத்தியக் கண்ணாடி போட்டுப் பார்ப்பதால் வருவதல்லவா?
(வாசகர், குளச்சல்)

பதில்: கண்ணாடியைக் கழற்றிவிட்டே பார்ப்போம், ஐயா. மண்டைக்காட்டில் கருவறையில் இருப்பது வளர்ந்து நிற்கும் புற்று. மாசிக் கொடையின் பத்து நாளும் "அம்மே சரணம், தேவி சரணம்" என்று வரும் பெண்கள் கோயில் வளாகத்திலேயே அடுப்பு மூட்டிப் பொங்கலிடுகிறார்கள். தலைவலி தீர மண்டையப்பம் சுட்டுப் படைக்கிறார்கள். புகையில் கண் எரிய, சேலை முந்தானையால் சட்டியைப் பிடித்து இறக்கும் அந்தக் கைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கடைசி நாள் நள்ளிரவு ஒடுக்கு பூஜைக்கு உணவுப் பானைகள் தலைச்சுமையாக வரும்போது, கூட்டம் முழுவதும் மூச்சடக்கி நிற்கும் அந்த நேரத்தில், சுமப்பவர்கள் ஆண்கள். கருவறையில் பெறுபவரும் ஆண்.

ஆற்றுக்காலிலும் இதே ஒழுங்குதான். 2009-இல் 25 லட்சம் பெண்கள் ஒரே நாளில் பொங்கலிட்டதாகக் கின்னஸ் புத்தகம் பதிவு செய்த விழா அது. திருவனந்தபுரத்தின் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு. ஆனால் முதல் நெருப்பு கருவறையிலிருந்து தந்திரி எடுத்துக் கொடுக்க, தலைமைப் பூசாரியான மேல்சாந்தி, கோயிலின் முதன்மை அடுப்பான பண்டார அடுப்பில் பற்றவைத்த பின்னரே மற்ற அடுப்புகளுக்குப் போகும். அரிசி, வெல்லம், தேங்காய், வெயில், விரதம் எல்லாம் பெண்ணுடையது. தீ மட்டும் ஆணின் கையிலிருந்து வர வேண்டும்.

தெய்வம் பெண்ணாக இருப்பதால் பெண்ணுக்கு அதிகாரம் வந்துவிடும் என்றால், மருமக்கத்தாயம் இருந்த இந்த மண்ணில் அது முன்பே வந்திருக்க வேண்டும். தறவாட்டுச் சொத்து பெண்வழியில் இறங்கியது. ஆனால் நெற்களஞ்சியமான பத்தாயத்தின் சாவி, காரணவர் எனப்பட்ட மூத்த தாய்மாமனின் இடுப்பில் இருந்தது. கோயிலும் அந்த வீட்டின் நகல்தான் என்பது என் எண்ணம்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. ஹரிப்பாடு அருகே மன்னாரசாலை நாகராஜா கோயிலில் தலைமைப் பூசை செய்பவர் இல்லத்தின் மூத்த பெண். 'அம்மா' என்றே அழைக்கப்படுகிறார். 1993 முதல் அந்தப் பொறுப்பில் இருந்த உமாதேவி அந்தர்ஜனம் 2023 ஆகஸ்டில் தம் 93-ஆம் வயதில் மறைந்தபின், சாவித்திரி அந்தர்ஜனம் அந்த இடத்துக்கு வந்தார். ஆனால் அந்த இருக்கையில் அமர்ந்த நாள் முதல் அவர் பிரம்மச்சரியம் காக்க வேண்டும். குடும்பத்தோடு வாழும் ஆண் பூசாரிகளை அன்றாடம் பார்க்கும் நமக்கு இது உறுத்த வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம், உசிலம்பட்டி அருகே அம்மன் கோயிலில் தந்தையின் பூசாரிப் பொறுப்பை மகள் ஏற்கலாம் என்று 2008-இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி சந்துரு தீர்ப்பளித்தார். 2023-இல் மூன்று பெண்கள் அரசின் அர்ச்சகர் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கினார்கள்.

சபரிமலையையும் நீங்கள் குறிப்பால் தொட்டிருக்கிறீர்கள். பத்து முதல் ஐம்பது வயது வரையுள்ள பெண்களுக்கான தடையைக் கேரள உயர்நீதிமன்றம் 1991-இல் உறுதிப்படுத்தியது. உச்சநீதிமன்றம் 2018 செப்டம்பர் 28 அன்று 4-க்கு 1 என்ற பெரும்பான்மையில் அதை நீக்கியது. அந்த ஒரு மாறுபட்ட தீர்ப்பை எழுதியவர் அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி இந்து மல்கோத்ரா. 2019 நவம்பரில் அடிப்படைக் கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. நைஷ்டிக பிரம்மச்சாரியான ஐயப்பனின் விரதம் என்ற நம்பிக்கையை நான் கேலி செய்ய மாட்டேன். விரதம் காப்பவர் ஒருவராகவும் விலகி நிற்பவர் இன்னொருவராகவும் இருப்பது ஏன் என்று கேட்பேன், அவ்வளவே.

கேள்வி: சுசீந்திரத்திலும் திருவட்டாறிலும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டியிருக்கிறதே, அது ஆண்களுக்கு எதிரான பாகுபாடு இல்லையா?
(வாசகர், நாகர்கோவில்)

பதில்: பாகுபாடுதான். கழற்றிய சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் உள்ளே போய்விடுகிறீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கத்தையே கைவிட வேண்டும் என்று 2024 டிசம்பரில் சிவகிரி மடத்தின் சச்சிதானந்த சுவாமி சொன்னார்; கேரள முதல்வரும் அதை வரவேற்றார். எனக்கும் உடன்பாடே. குளிர்காலத்து நிர்மால்ய தரிசனத்துக்கு உங்களுக்கு உதவியாக இருக்கும்.

கேள்வி: என் பத்து வயது மகள், தம்பி பூசை உதவி செய்யும்போது தனக்கு ஏன் அனுமதி இல்லை என்றும், தான் ஏன் சாமியாராக முடியாது என்றும் கேட்கிறாள். மறைக்கல்வி ஆசிரியையாக இருக்கும் எனக்கே பதில் தெரியவில்லை.
(வாசகி, குமரி மாவட்டக் கடற்கரைக் கிராமம்)

பதில்: மகளின் கேள்வியில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்துச் சொல்லுங்கள். குருப்பட்டம் ஆணுக்கு மட்டுமே என்பது 1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1024-ஆவது விதி. பெண்ணுக்கு அதை வழங்கத் திருச்சபைக்கு அதிகாரமே இல்லை என்று 1994 மே மாதத்தில் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் எழுதினார். இயேசு பன்னிரு ஆண்களைத் தேர்ந்தார் என்பது அதன் முதன்மைக் காரணம். அந்தப் பன்னிருவரும் யூதர்களாகவும் இருந்தார்களே, அதை ஏன் விதியாக்கவில்லை என்று பத்து வயதுப் பிள்ளை கேட்டால் நான் வாயடைத்துப்போவேன். நீங்களும் போகலாம், அது தவறில்லை.

பீடத்தில் உதவுவது அப்படியல்ல. சிறுமிகளும் பீட உதவி செய்யலாம் என்று அதே 1994-இல், சில வாரங்கள் முன்பாகவே, ரோமிலிருந்து கடிதம் வந்துவிட்டது. நடைமுறைப்படுத்துவது ஆயரின் முடிவு. 2021 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ், வாசகர், பீடத்துணைவர் ஆகிய நிலையான பணிகளையும் பெண்களுக்குச் சட்டப்படி திறந்துவிட்டார். ஆகவே உங்கள் மகள் பீடத்தண்டை நிற்கக்கூடாது என்று யாரேனும் சொன்னால், அது ரோமின் விதியா, ஆயரின் முடிவா, கோயில்பிள்ளையின் பழக்கமா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நம் மாவட்டத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். லத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என்று மூன்று வழிபாட்டு முறைகளும் இங்கே இருக்கின்றன. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கில் பெண்களையும் சேர்க்கலாம் என்று 2016-இல் ரோம் திருத்தியது லத்தீன் முறைக்கானது. மறு ஆண்டு சீரோ மலபார் தலைமை, தம் மரபில் ஆண்களின் பாதங்களே கழுவப்படும் என்றது. ஒரே மாலையில் ஒரு கோயிலில் பாட்டியின் வெடித்த குதிகாலைச் சாமியார் குனிந்து துடைக்கலாம். இரண்டு பர்லாங்கு தள்ளி இன்னொன்றில் அவள் தூணருகே நின்று பார்க்கலாம். இரண்டும் கத்தோலிக்கமே.

பங்குதோறும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்பது 537-ஆவது விதி. அதில் பெண்ணுக்குத் தடையில்லை. உங்கள் பங்கில் அப்படியொரு குழு இருக்கிறதா, அதில் எத்தனை பெண்கள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிவாசலில் பெண்களுக்குத் தொழுமிடம் இல்லை. கேட்டால், பெண்ணுக்கு வீடே சிறந்தது என்கிறார்கள். திருவனந்தபுரத்துப் பீமாப்பள்ளி தர்காவுக்குப் போனால் மட்டும் யாரும் தடுப்பதில்லையே, அங்கே அடங்கியிருப்பவர் ஒரு பெண் என்பதாலா?
(வாசகி, தக்கலை)

பதில்: சகோதரி, வீட்டில் தொழுவது சிறந்தது என்பதற்கு அவர்கள் காட்டும் நபிமொழி உண்டு, அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அவனுடைய பள்ளிவாசல்களிலிருந்து தடுக்காதீர்கள் என்ற நபிமொழியும் உண்டு. சிறந்தது என்பது பரிந்துரை, தடுக்காதீர்கள் என்பது கட்டளை. மக்காவின் ஹரம் பள்ளியில் பெண்கள் தொழுகிறார்கள். பள்ளிவாசலில் பெண்கள் நுழைய மார்க்கத்தில் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமே 2020 ஜனவரியில் உச்சநீதிமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கேரளத்தில் முஜாஹித், ஜமாஅத்தே இஸ்லாமி இயக்கங்களின் பள்ளிவாசல்களில் பெண்களுக்கு இடம் உண்டு. மஹல்லு எனப்படும் பழைய சுன்னி ஊர் ஜமாஅத்துகள் பெரும்பாலும் தயங்குகின்றன. 2018 ஜனவரி 26 அன்று மலப்புறம் மாவட்டத்தில் ஜமீதா என்ற ஆசிரியை ஜும்ஆ தொழுகையை முன்னின்று நடத்தியபோது அவருக்கு மிரட்டல்கள் வந்தன.

தொழுமிடத்தைவிட எனக்குக் கவலை தருவது ஜமாஅத் அறை. ஒரு பெண்ணின் தலாக்கையும் மஹர் என்ற மணக்கொடையையும் அவள் இல்லாத அறையில் ஆண்கள் பேசி முடிக்கும் வழக்கத்தை எதிர்த்துத்தான் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். பீமாப்பள்ளியில் அடங்கியிருப்பவர் ஒரு பெண் என்பதால்தான் அங்கே தடையில்லையோ என்று கேட்டிருக்கிறீர்கள். தர்காவுக்கு வருபவரிடம் வாக்குச்சீட்டு இல்லை, அதனால் யாருக்கும் அச்சமும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: அப்பா 1979-இல் உயில் எழுதாமல் இறந்தார். அக்காவுக்குச் சீதனம் கொடுத்துவிட்டதால் நிலத்தில் பங்கில்லை, அதுவே நம் கிறிஸ்தவ வழக்கம் என்று சபைப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அண்ணன்மார் அக்காவிடம் கையெழுத்து வாங்கப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.
(வாசகர், பாறசாலை)

பதில்: தம்பி, அவர்கள் வழக்கம் என்று சொல்வது 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம். மகனின் பங்கில் கால் பகுதி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அதுவே மகளுக்கு. சீதனம் கொடுத்திருந்தால், கொடுப்பதாகச் சொல்லியிருந்தால்கூட, அதுவும் இல்லை. விதவைக்கு ஆயுள்வரை அனுபவிக்கும் உரிமை மட்டும், மறுமணம் செய்தால் அதுவும் போகும். சிரியன் கிறிஸ்தவர்களிடையே சீதனத்தில் ஒரு பங்கைத் தேவாலயத்துக்குச் செலுத்தும் 'பசாரம்' என்ற வழக்கமும் இருந்தது. பெண்ணுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று வேறு எவருக்குத் தெரியாவிட்டாலும் கோயில் கணக்குக்குத் தெரியும்.

கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1986 பிப்ரவரி 24 அன்று அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1 முதலே செல்லாது என்றது. அந்நாளிலிருந்து 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும். அதில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு, அம்மா இருந்தால் அவருக்கு மூன்றில் ஒன்று. உங்கள் அப்பா இறந்தது 1979. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். தீர்ப்பு வந்தபோது குடும்பங்கள் உடையும் என்று பல சபைத் தலைமைகள் எதிர்த்தன. குடும்பம் உடையாமல் இருக்க வேண்டிய பொறுப்பு எப்போதும் பங்கு கிடைக்காதவளுடையதாகவே இருக்கிறது.

உங்கள் பெரியவர்கள் அறியாத ஒன்றையும் சொல்கிறேன். அந்தப் பழைய சட்டமே ஒரு பிரிவில், ஆணும் பெண்ணும் சமமாகப் பங்கிடும் வழக்கமுள்ள சில லத்தீன் கத்தோலிக்கருக்கும் சில புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்களுக்கும் விலக்கு அளித்திருந்தது. அந்தப் பிரிவு பெயர் சொல்லும் தாலுகாக்களில் ஒன்று நெய்யாற்றின்கரை. பாறசாலை எந்தத் தாலுகாவில் இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டதால் அனுபவ பாத்தியம், காலவரம்பு என்று சிக்கல்கள் வரலாம். ஒரு வழக்கறிஞரை அக்காவுக்காகத் தனியாகப் பாருங்கள், அண்ணன்மாரின் வழக்கறிஞரை வேண்டாம். அதற்கு முன்பு, எழுதி வைத்திருக்கும் அந்த விடுதலைப் பத்திரத்தை, நம் பக்கத்துப் பழைய பேச்சில் சொன்னால் ஒழிமுறியை, அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். சர்வே எண்ணையும் சென்ட் கணக்கையும் விட்டுவிடாமல் வாசியுங்கள்.